உடல்நலக் குறைபாடு: இல்லை

என் மகளைக் கூடைப்பந்துப் பயிற்சியில் சேர்த்த அன்று அவளுடைய படிவத்தில் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தேன். பேனாவை மூடும்போதுகூட அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் படிவம் நிரப்புவது என் பிழைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இ-சேவை மையத்தில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதியோர் உதவித்தொகை, எதுவானாலும் என் கையால் போனால் திரும்பி வராது என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் ஒரு சின்ன வழக்கத்தால் வந்தது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தால் என் கை தானாக ‘இல்லை’ பக்கம் போய்விடும். ‘ஆம்’ என்றால் அதற்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள், அந்தச் சான்றிதழுக்கு இன்னொரு படிவம், அந்தப் படிவத்துக்கு இன்னொரு நாள் அலைச்சல். ‘இல்லை’ என்றால் அத்தோடு முடிந்தது. வந்தவர்களும் நல்லா இரும்மா என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

மகளுக்கு அப்போது பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. வயதுக்கு உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. அதனாலேயே வகுப்பில் கடைசி பெஞ்சு, குழுப் புகைப்படத்தில் கடைசி வரிசை. ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல், உயரமாக இருக்கிறவர்களைத் தேடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறதாம், செம்மண்டலத்தில் நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு மிஸ் சொல்லித் தருகிறாராம், தான் சேரப்போவதாகச் சொன்னாள். சேரட்டுமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். என் பிள்ளை எதையும் அவ்வளவு தீர்மானமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அவளுக்கு இளைப்பு உண்டு, வீசிங் என்பார்களே, அந்த மூச்சுத் திணறல். நாலு வயதில் ஒரு கார்த்திகை மாத மழையில் ஆரம்பித்தது. முதல் இரண்டு வருடம் படாத பாடு படுத்தியது. பிறகு குறைந்து, பனிக்காலத்தில் இரண்டு தடவை, வீட்டில் ஒட்டடை அடித்தால் ஒரு தடவை என்று ஆகியிருந்தது. மருத்துவர் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் நீல நிற பஃப் ஒன்று என் புடவை பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும். நகையைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்ததில்லை. காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, சிதம்பரத்தில் குடித்தனம். என் மகளை முதன்முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓடி வந்தவர் அவர்தான். வந்தவர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “வீசிங்குன்னு வெளியில யார்கிட்டயும் சொல்லிக்காத. பொண்ணு புள்ள. சளின்னு சொல்லு, போதும்” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வியாதிக்குச் சளி என்று பேர்.

சேர்க்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், ஓரத்தில் நாலு படி வைத்த கேலரி. கம்பங்களைச் சுற்றிப் பழைய மெத்தைகளை வெட்டி நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதிலே ஒன்றில் பூப்போட்ட உறைகூட அப்படியே இருந்தது. பிள்ளைகள் ஓடுகிற வேகத்தில் கம்பத்தில் மோதினால் மண்டை உடையும், அதனால் பயிற்சி மிஸ் தன் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்த ஓர் அம்மா சொன்னார். மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியாக, இடது முழங்காலில் நீளமாக ஒரு தையல் தழும்போடு இருந்தார்.

பெற்றோர்களை எல்லாம் படியில் உட்காரவைத்து அவர் பேச ஆரம்பித்தார். விளையாட்டால் வரும் நன்மைகளைச் சொல்லுவார் என்று பார்த்தால், என்னென்ன உடையும் என்று வரிசையாகச் சொன்னார். விரல் பிசகும். கணுக்கால் மடங்கும். ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து பல் உதட்டில் குத்தும். வெயிலில் மயக்கம் வரும். தலையில் அடிபட்டால் பிள்ளை ஒன்றுமில்லை என்று எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு அவள் வெளியேதான், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் உள்ளே. எனக்கு எரிச்சலாக வந்தது. சாயம் போகும், சுருங்கும், நூல் பிரியும் என்று சொல்லி எந்தக் கடையிலாவது துணி விற்பார்களா? பிள்ளையைச் சேர்க்கச் சொல்கிறாரா, கூட்டிக்கொண்டு ஓடச் சொல்கிறாரா என்று பக்கத்து அம்மாவிடம் முணுமுணுத்தேன்.

பிறகு நகை பற்றிச் சொன்னார். தோடு, வளையல், கொலுசு எதுவும் கூடாது. அவ்வளவுதான், கேலரியே கிளம்பிவிட்டது. பெண் பிள்ளை காதை மூளியாக விடுவதா, தூர்ந்துபோனால் என்ன செய்வது, துடைப்பக் குச்சி வைத்துக்கொள்ளலாமா, மேலே பிளாஸ்டர் ஒட்டினால் போதாதா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. அதில் நானும் தாராளமாகக் கலந்துகொண்டேன். அந்தச் சத்தம் அடங்கியதும் மிஸ் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். இளைப்பு, வலிப்பு, இதயத்தில் ஏதாவது, பழைய எலும்பு முறிவு, எது இருந்தாலும் ஒன்பதாவது கட்டத்தில் எழுதச் சொன்னார். “எழுதிக் குடுத்தீங்கன்னா நான் பாத்துக்குவேன். எழுதலன்னா எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்பிடிப் பாத்துக்கறது?” என்றார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் தோடு ஞாபகமாகவே இருந்தது.

படிவங்கள் கைக்கு வந்ததும் என்னைத் தெரிந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா, நீங்களே எழுதிடுங்க, உங்க கையெழுத்து ராசியானது என்றார்கள். புகழ்ச்சிக்கு மயங்காதவள் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆறு படிவங்களை மடியில் வைத்து மடமடவென்று நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒன்பதாவது கட்டம் வந்ததும் கேட்கவே இல்லை, கை ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனது. அவர்களும் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழாவது என் பிள்ளையுடையது. அவள் என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது கட்டத்தின் மேல் விரலை வைத்து, “அம்மா, இதுல வீசிங்குன்னு...” என்று ஆரம்பித்தாள். நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். “சளிய எல்லாமா எழுதுவாங்க? எழுதுனா உன்னச் சேத்துக்க மாட்டாங்க. யாராச்சும் கேட்டாலும் இல்லன்னு சொல்லு” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் சரி என்று தலையாட்டினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். ஊரெல்லாம் அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறது.

அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கமாட்டேன். காலையில் நான் எழுப்ப வேண்டிய பிள்ளை என்னை எழுப்பினாள். போர்டிகோ சுவரில் அவள் பந்தை அடித்து அடித்து வட்ட வட்டமாக அழுக்கு. என் வீட்டுக்காரர் கம்மாபுரத்தில் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு மாலையில் களைத்து வருகிற மனிதர், சட்டையை மாற்றாமல் அவளுக்குப் பந்து எடுத்துப்போட நிற்பார். ஒருதரம் பந்து நேராக விரல் நுனியில் பட்டு, நடுவிரல் நாவல்பழம் போல் கறுத்து வீங்கிவிட்டது. பக்கத்து விரலோடு சேர்த்து மிஸ் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். ஒரு வாரம் நான்தான் ஊட்டிவிட்டேன். பதினோரு வயதுப் பெண் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாளே விரல் சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை இளைப்பு வந்தது, இரண்டும் பயிற்சியின்போது. நான் பஃப்பைப் பீரோவிலிருந்து எடுத்து, கைப்பையில் நாப்கின் வைக்கிற உறைக்குள் சொருகி வைத்திருந்தேன். அந்த உறையை வேறு யாரும் திறக்கமாட்டார்கள் இல்லையா. அவள் மிஸ்ஸிடம் பாத்ரூம் போகணும் என்று சொல்லிவிட்டுக் கேலரியைப் பார்ப்பாள். நான் ஒன்றும் தெரியாதவளாக எழுந்து பின்னாலேயே போவேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு பஃப் அடித்து, முகத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. என்ன சாமர்த்தியம் என் பிள்ளைக்கு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நாலு ஊர்ப் பிள்ளைகள் ஆடும் போட்டி வந்தது. பிள்ளைகள் வேனில் போனார்கள், நான் பஸ்ஸில் போனேன். வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனி. அவளுக்குப் பனி ஆகாது என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன், ஸ்வெட்டர் போட்டுத்தானே அனுப்பினோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மைதானத்தில் என் நாத்தனார் எனக்கு முன்பே வந்து, துண்டை விரித்துக் கேலரியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நாலு அடுக்குத் தூக்கில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம். தம்பி மகள் ஆடுவதைப் பார்க்கத் தெருவிலிருந்து இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தரையை அழகாகக் காட்ட வேண்டும் என்று யாரோ இரண்டு பேர் பெரிய விளக்குமாற்றால் கூட்டினார்கள். புழுதி மேலே எழும்பி, காற்றே இல்லாமல், அங்கேயே நின்றது. அதற்குள்தான் பிள்ளைகள் ஓடினார்கள். முதல் பாதியில் அவள் மூன்று கூடை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் என் நாத்தனார் எழுந்து நின்று பக்கத்துப் பெண்களிடம் எங்க தம்பி பொண்ணு என்று சொன்னார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நான் அவளுடைய தோள்களைப் பார்த்தேன். மூச்சு விடும்போது தோள் மேலே ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக்கு மேலே அந்தக் குழி விழுந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏழு வருடமாகப் பார்த்த குழி.

நான் எழுந்திருக்க வேண்டும். பை மடியில் இருந்தது, பஃப் பையில் இருந்தது, நாலு படி இறங்கினால் போதும். அவள் ஒருதரம் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். பக்கத்தில் நாத்தனார், அவர் கூட்டி வந்த பெண்கள், கீழே மிஸ், அவர் கையில் அந்தப் படிவங்கள் இருக்கிற கோப்பு. இன்னும் ஐந்து நிமிடம்தான், முடிந்துவிடும், பிறகு சத்தமில்லாமல் கொடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறதைப் பார்த்துக்கொண்டு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டபடி நான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் மிஸ்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு மைதானத்தை விட்டு வெளியே போனாள். அதன் பிறகுதான் எழுந்து ஓடினேன். ஆனால் அது எங்கள் ஊர் மைதானம் இல்லை. நான் நுழைவாசல் பக்கம் இருந்த கழிப்பறைக்குப் போனேன், அங்கே அவள் இல்லை. இன்னொன்று எங்கே என்று கேட்டு, மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நாலு கதவில் ஒன்று உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்திருந்தாள்.

தட்டினேன். பாப்பா, அம்மாடி, தொற என்றேன். பதில் இல்லை. பேச மூச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது. கதவில் அறைந்தேன். எவ்வளவோ நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்துப்போய். கையை மேலே நீட்டித் தாழ்ப்பாளைத் திறப்பதற்கே அவளுக்கு இருந்த பலம் எல்லாம் செலவாகிவிட்டது. நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த உறையைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் முதல் பஃப் காற்றில் போனது.

அதற்குள் மிஸ் ஓடி வந்துவிட்டார். நீல பஃப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அவளை நிமிர்த்தித் தன் மேல் சாய்த்துக்கொண்டு, எத்தனை கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு பஃப்பை என் கையிலிருந்து வாங்கி, நிதானமாக, அவள் மூச்சோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். என் நாத்தனார் எங்கள் பின்னாலேயே வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மடக்கிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. கழுத்துக் குழி மெதுவாக நிரம்பி மறைந்தது. மாஸ்க்கை எடுத்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று குனிந்தேன்.

“அம்மா, மிஸ் ரெண்டு தடவ கேட்டாங்க, இளைக்குதான்னு. நான் இல்லன்னே சொல்லிட்டேன். பயப்படாத” என்றாள்.

என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என் பிள்ளை. மூச்சு இல்லாதபோதும் அவள் என் பொய்யைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள், எனக்கு ஏதோ ஆகிவிட்டதுபோல.

வெளியே பெஞ்சில் மிஸ் கோப்போடு உட்கார்ந்திருந்தார். திட்டட்டும், இனி வராதே என்று சொல்லட்டும் என்று தயாராகப் போய் நின்றேன். இளைப்பு இருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் நன்றாக ஆடுகிறார்கள், மருத்துவர் சொல்கிறபடி முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொண்டு, முடியாதபோது உட்கார்ந்தால் போதும், அவளை நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை என்றார். எழுதியிருந்தால் அந்தப் புழுதியில் ஆட்டத்தையே தள்ளிவைக்கச் சொல்லியிருப்பேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பேசியபடியே கோப்பில் எங்கள் படிவத்தைத் தேடிப் பக்கங்களைத் திருப்பினார். திருப்பியவர் கை நின்றது. ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது. ஏழு படிவம், ஒரே நீல மை, ஒன்பதாவது கட்டத்தில் ஒரே கையெழுத்து.

“இதெல்லாம் அவுங்ககிட்ட கேட்டுட்டுத்தான எழுதுனீங்க அக்கா?”

பதினோரு வருடமாக என் கையெழுத்து என்றால் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று சொன்னேன். மிஸ் கோப்பை மூடி என் கையில் கொடுத்தார். நாளைக்குள் எல்லோரையும் கேட்டுத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்.

மாலையில் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்கவைத்த பிறகு, என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்ததுதான், அவரும் சேர்ந்து மறைத்ததுதான். “எங்கிட்ட வர்ற கன்னுக்குட்டிக்குக்கூட என்ன வியாதின்னு எழுதிட்டுத்தான் ஊசி எடுக்குறோம்” என்றார். யாரைச் சொல்கிறார் என்று சண்டைக்கு நிற்க எனக்கு அன்று தெம்பில்லை. அவரும் தன்னைத்தான் சொல்லிக்கொண்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

மறுநாள் மையத்தில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஆறு வீட்டுக்கும் போன் செய்தேன். நாலு வீட்டில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைக்குப் போன வருடம் வரை வலிப்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு பிள்ளைக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை, தானாக மூடிவிட்டது என்று எப்போதோ சொன்னார்களாம், அதன்பின் காட்டவே இல்லையாம். அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம்கூட வந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன். அவர் சாதாரணமாக, “நீங்க கேக்கலியே அக்கா” என்றார். ஆறு மாதமாக அந்தப் பிள்ளை என் மகளோடு சேர்ந்து வெயிலில் ஓடியிருக்கிறாள். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டினார்கள். ஓட்டை மூடித்தான் இருந்தது, ஆடலாம் என்றார்கள். வலிப்பு வந்த பிள்ளையைப் பற்றி மிஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி, விழுந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று செய்துகாட்டினார். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. மறுநாள் இரண்டு வாண்டுகள் நடு மைதானத்தில் மாறி மாறி விழுந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

என் பிள்ளையை அழைத்துக்கொண்டு நாங்களும் போனோம். மருத்துவர் அவளிடமே கேட்டார், எப்போது வருகிறது, எப்படி இருக்கிறது என்று. பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல, நான் கணக்கில் வைத்திருந்ததைவிட எத்தனையோ தடவை அதிகமாக வந்திருக்கிறது என்று தெரிந்தது. பள்ளியில் மாடிப்படியில், சைக்கிளில், பக்கத்து வீட்டில் வண்ணம் அடித்தபோது. சளித் தொல்லை என்று அலுத்துக்கொள்வேனோ என்று என்னிடமே மறைத்திருக்கிறாள். தினமும் எடுக்க ஒரு மருந்து, ஆடுவதற்குக் கால்மணி முன்னால் நீல பஃப், அதைப் பொருத்தி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழல், புழுதியும் பனியும் இருந்தால் ஆட்டம் வேண்டாம், இளைத்தால் உடனே உட்காரவேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். மூன்று வாரம் கழித்து மைதானத்துக்குப் போகலாம் என்றார்.

வீசிங் என்றே படிவத்தில் எழுதப்போகிறோம் என்று நாத்தனாரிடம் சொல்லத் தயங்கினேன். போனில் சொன்னதும், “எழுதிக் குடுத்துடும்மா, எல்லாத்தையும். அன்னைக்கி அவ வாய் வெளுத்துக் கெடந்தது எங் கண்ணுலயே நிக்கிது. எவன் வந்து கட்டிக்கிறான், கட்டிக்கல, எனக்கென்ன” என்றார். அழுதுகொண்டே சொன்னார். அவர்மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் எல்லாம் அந்தப் போனிலேயே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. புதிய படிவம் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். அவள் இல்லாத நாட்களில் மற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள், ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியில் அவள். பந்து அவள் கைக்கு வந்தது, எதிரே ஒருத்திதான் இருக்கிறாள், தாண்டினால் கூடை. அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். பந்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். “மிஸ், எனக்கு இளைக்குது” என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், எனக்கு முதலில் வந்த நினைப்பு, இந்த ஒரு கூடையைப் போட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பதுதான். அது தோன்றியதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து இரண்டு படி இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பையில் அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. பஃப்பும் குழலும் தண்ணீர் பாட்டில்களோடு பெஞ்சின்மேல் வெட்டவெளியில் இருந்தன. அவள் போய் உட்கார்ந்து, நிமிர்ந்து, பஃப்பைக் குலுக்கி, குழலில் பொருத்தி, மெதுவாக இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்து எண்ணுகிற வரைக்கும் பிடிக்க வேண்டும். வாய் மூடியிருக்கிறவள் எப்படி எண்ணுவாள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, அவளுக்காக எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல உரக்க எண்ணினார்கள். மைதானத்தில் பந்தை வைத்துக்கொண்டு நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் படியிலேயே உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து எண்ணினேன். ஆறுக்கு மேல் எண்ணாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீதியை அவர்கள் எண்ணி முடித்தார்கள்.